ஜாபஸ் வாங்காத பாடி

திருத்தங்கல் ஜாபஸுக்குச் சீக்கிரம் குமட்டிவிடும். டீக்கடைக் கிளாஸில் முந்தைய ஆள் வாய் வைத்த தடம் தெரிந்தால் போதும், காசைக் கொடுத்துவிட்டு டீயைக் குடிக்காமலே வந்துவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் காது குடைந்தால் எழுந்து, சிவகாசி வரை நின்றுகொண்டே போவார். கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் மைக்கில் எச்சில் தெறிக்கப் பேசினால், ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் இவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார். அவர் வாயில் அதிகம் வருகிற சொல் ‘சீ’. நாற்பத்து நான்கு வயதில் அதை அவர் எத்தனை தினுசாகச் சொல்வார் என்பது அவருடைய மனைவி ஜெமிமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள். ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். அச்சுக்குப் போகும் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்து, வேண்டாததை அழித்துக் கொடுக்க வேண்டும். குழந்தை மூக்கில் சளி, கல்யாணப் பெண் கன்னத்தில் பரு, சுவாமி சிலையின் காதோரம் பல்லி எச்சம், அத்தனையும் இவர் கண் வழியாகத்தான் போகும். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுச் சுவரில் தொங்குகிற அழகெல்லாம் ஜாபஸ் ‘சீ’ சொல்லிச் சொல்லித் துடைத்த அழகு.

பறவைகளிடம் மட்டும் இந்த மனுஷனுக்கு அருவருப்பே கிடையாது. சட்டையில் கொக்கு எச்சமிட்டால் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே பைக்கை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போய், கரைக்குக் கீழே கருவேலம் புதருக்குள் இரண்டு மணி நேரம் அசையாமல் குந்தியிருப்பார். ஒன்பது மணி ஆராதனைக்குப் பேன்ட்டில் முள்ளோடு வந்து சேருவார். அவர் கையில் இருந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் பழசாக வாங்கிய கேமரா. லென்ஸ் நல்ல நீள லென்ஸ், பிறகு ஆசைப்பட்டு வாங்கியது. லென்ஸைக் கழற்றினால் மிச்சம் இருக்கிற பாடிதான் கிழடு. விடிகிற நேரத்து வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்க ரவையைத் தூவியது போல இருக்கும். குருவி தலையைத் திருப்பினால் ஃபோகஸ் குருவியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் முள்ளைப் பிடித்துக்கொள்ளும். நல்ல பாடி ஒன்று வேண்டும். ஆறு வருஷமாக ஜாபஸின் ஆசை இது ஒன்றுதான்.

அந்த வார்த்தையால் வீட்டில் ஒரு கூத்தே நடந்தது. ஒரு நாள் ஜாபஸ் வாசலில் நின்றுகொண்டு மதுரைக் கடைக்குப் போன் போட்டு, பாடி மட்டும் போதும், எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பாலம்மாள் கையில் சாணிக் கரைசலோடு ஓடிவந்து, எந்தக் கம்பெனியில் வெடித்தது, எத்தனை பேர் என்று கேட்டாள். அவளுடைய வீட்டுக்காரரும் இரண்டு மகள்களும் பட்டாசு வேலைக்குப் போயிருந்தார்கள். ஜெமிமா விருதுநகரில் ஆஸ்பத்திரி நர்ஸ், தீக்காய வார்டு. அன்று சாயங்காலம் அவள் ஜாபஸிடம், “வீட்டுல அந்த வார்த்தையச் சொல்லாதீக. அங்கன அதக் கேட்டுக் கேட்டுத்தான் வாரேன்” என்றாள். சரி, ‘பெட்டி’ என்று சொல்வோம் என்று ஜாபஸ் யோசனை சொன்னார். கிறிஸ்தவ வீட்டில் பெட்டி என்றால் அது எந்தப் பெட்டி என்று ஜெமிமா முறைத்தாள். கடைசியில் ‘மெஷின்’ என்று முடிவானது.

எந்த மெஷின் என்பதுதான் அடுத்த சங்கடம். பெரிய சென்சார் உள்ளது வாங்கினால் ரவை போய்விடும், ஆனால் பறவை படத்தில் சின்னதாகத் தெரியும். சின்ன சென்சாரில் பறவை பெரிதாகத் தெரியும், ரவை போகாது. உள்ளே கண்ணாடி இல்லாத புது மாதிரி வாங்கினால் சத்தமே வராது, பறவையின் கண்ணை அதுவாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் இவருடைய லென்ஸை மாட்ட இடையில் ஒரு வளையம் வேண்டும். யாரிடமாவது கேட்கலாம் என்று பறவை போட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் நாளே குமட்ட ஆரம்பித்துவிட்டது. கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் வைத்திருப்பதே உலகத்தில் உசத்தி என்றார்கள். ஒருவர் கூட்டில் இருக்கும் பருந்தைப் படம் எடுத்துப் போட்டு அதன் மேல் தன் பெயரைப் பருந்தைவிடப் பெரிதாக எழுதியிருந்தார். இன்னொருவர் ஆந்தையை வரவழைக்க ஆந்தைச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டதைப் பெருமையாகச் சொன்னார். யூடியூபில் ஒரு பையன் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, உங்கள் தேவையைப் பொறுத்தது என்று முடித்தான். ஜாபஸ் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறுமனே கையைக் கழுவினார்.

இந்த நேரத்தில்தான் ஹரிபிரசாத் வந்தான். பிரஸ் முதலாளி சங்கிலிமுத்துவின் மகன். சென்னையில் படித்துவிட்டு வந்தவன், இருபத்தெட்டு வயது, பேச்சில் மரியாதை தெரிந்த பிள்ளை. இரண்டு வருஷமாக அவனுக்கும் பறவைப் பைத்தியம். ஆனால் வருஷத்துக்கு ஒரு புதுப் பாடி வாங்குகிற வசதியான பைத்தியம். இந்த வருஷம் அப்பாவைச் சம்மதிக்க வைத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் தன்னுடைய பறவைப் படங்களை மட்டும் போட்டு ஒரு காலண்டர் கொண்டுவருவதாக இருந்தான். ஆடிப் பதினெட்டுக்குள் அதற்கான படங்கள் தயாராக வேண்டும். அன்றைக்குத்தான் சிவகாசிப் பக்கத்துப் பிரஸ்களில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, டீலர்களை அழைத்துக் காட்டுவார்கள். அன்று வரும் ஆர்டரை வைத்துத்தான் சீசன்.

ஹரிபிரசாத் ஜாபஸிடம் இரண்டு உதவி கேட்டான். குஞ்சு இருக்கிற கூடு ஒன்றைக் காட்ட வேண்டும். எடுத்து வரும் படங்களை இறகு இறகாகப் பார்த்து அவர் கையாலேயே கிளீன் பண்ணித் தர வேண்டும். அதற்குப் பதிலாக, தான் புதுசு வாங்கப் போவதால் இப்போது கையில் இருக்கும் பாடியை, பெரிய சென்சார், கண்ணைப் பிடிக்கிற ரகம், வளையத்தோடு சேர்த்து ஜாபஸுக்கே தந்துவிடுவதாகச் சொன்னான். காசு பேச்சே எடுக்கவில்லை. ஜாபஸுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அது அருவருப்பினால் அல்ல.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஹரிபிரசாத்தை ஆனைக்குட்டத்துக்குக் கூட்டிப் போனார். கருவேலம் புதருக்குள் ஆழத்தில் சின்னான் குருவிக் கூடு. கறுப்புத் தலையும் வாலடியில் சிவப்புமாக நம் ஊர் வேலியெல்லாம் கத்திக்கொண்டு திரியுமே, அதேதான். மூன்று குஞ்சுகள், இறகு முளைத்து, இன்னும் நாலைந்து நாளில் பறந்துவிடுகிற பருவம். இருபது அடி தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும், முள்ளை விலக்கக் கூடாது, தாய் இரை கொண்டுவர மறுத்தால் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று ஜாபஸ் இரண்டு தடவை சொன்னார். ஹரிபிரசாத் இரண்டு தடவையும் தலையை ஆட்டினான். மறுநாள் ஜாபஸ் இல்லாமல், டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை பாடி ஜாபஸின் கைக்கு வந்தது. பழைய பாடி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது, ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதைத்தான். இது இருபத்தோராயிரம்தான் அடித்திருந்தது. ஆயுசில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. மறுநாள் விடியலில் அணைக்கரைக் கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு மீன்கொத்தியை எடுத்தார். ரவை இல்லை. கழுத்து இறகு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. கண்ணுக்குள் தண்ணீரின் பளபளப்பு. சத்தமே இல்லாமல் எடுத்ததால் அது கம்பியை விட்டு நகரவே இல்லை. ஜாபஸ் கரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சின்னான் கூட்டுப் பக்கம் அவர் போகவில்லை. பறக்கப் பழகும் குஞ்சுகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவருடைய நியாயம்.

திங்கள் சாயங்காலம் ஹரிபிரசாத்தின் படங்களைத் திறந்தார். முதல் பார்வையில் பொறாமையாக இருந்தது. ஒரு மொட்டைக் குச்சியில் மூன்று குஞ்சுகளும் வரிசையாக, வாயை ஆவென்று திறந்துகொண்டு. தாய் புழுவோடு சிறகை விரித்து இறங்குகிறது. பின்னால் இளம்பச்சை தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, கிளீன் பண்ணுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினார். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. கூடு முள்ளுக்குள் அல்லவா இருந்தது? முள் எங்கே போனது? குச்சியின் அடியில் புதிதாக வெட்டிய வெள்ளை தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார். குஞ்சுகளின் காலில் புல் போல ஏதோ ஒட்டியிருந்தது. அழிப்பதற்கு மவுஸைக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது.

அது புல் இல்லை, நூல். என்ன நூல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் திருத்தங்கல் பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து சரவெடி பின்னிய காலத்தில் ஜாபஸும் பின்னியவர்தான். அதே முறுக்கு நூல். இரண்டு சுற்றுச் சுற்றி வாலை உள்ளே செருகுகிற அதே முடிச்சு. சாமானியத்தில் அவிழாது, ஆனால் வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். மூன்று குஞ்சுகளின் ஆறு கால்களையும் குச்சியோடு சேர்த்து யாரோ பழக்கப்பட்ட கையால் கட்டியிருந்தார்கள். படங்களின் நம்பரைப் பார்த்தார். அந்த ஒரு காலையில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இரண்டாயிரத்து முந்நூறு.

மறுநாள் விடிந்ததும் ஆனைக்குட்டத்துக்குப் போனார். புதரைத் திறந்துபோட்டிருந்தார்கள். பத்தடி தள்ளி வெட்டவெளியில், கற்களை முட்டுக் கொடுத்து அந்தக் குச்சி நட்டபடியே நின்றது. மூன்றும் அதிலேயே இருந்தன. தலைகீழாகத் தொங்கின. எறும்பு தன் வேலையை முடித்திருந்தது. டீக்கிளாஸைப் பார்த்தால் குமட்டுகிற மனுஷனுக்கு அங்கே குமட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கூட்டைக் காட்டியது யார்? எதற்காகக் காட்டினார்? குச்சியை ஒடித்து, பேப்பரில் சுற்றி, பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

இங்கே ஜாபஸைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கே பாடியைக் கொண்டுபோய் ஹரிபிரசாத் முன்னால் வைத்திருந்தால் இந்தக் கதையில் அவர் நல்லவர். அவர் வைக்கவில்லை. அந்த ஞாயிறும் அதை எடுத்துக்கொண்டு வேறு கரைக்குப் போய் நாரையை எடுத்தார். நாரை நன்றாகவே வந்தது. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்துக்கொண்டே தன்னைத் தானே ‘சீ’ என்றார். ஜெமிமா என்னவென்று கேட்டதற்கு எறும்பு என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷ ஆசை அவரை அவ்வளவு கேவலமாக ஆக்கி வைத்திருந்தது.

ஆனால் படத்தை அவர் கிளீன் பண்ணவும் இல்லை. குச்சியில் இருந்த அழுக்கை அழித்தார், இறகுகளைப் பளிச்சென்று ஆக்கினார், நூலை மட்டும் விட்டுவிட்டார். விட்டது மட்டுமல்ல, அது நன்றாகத் தெரியும்படி கூர்மையாக்கினார். ஆல்பத்தைப் பார்க்கிற யாராவது ஒருத்தர், இது என்ன கொடுமை என்று கேட்காமலா போய்விடுவார்கள்? தான் வாயைத் திறக்காமலே விஷயம் வெளியே வந்துவிடும், பாடியைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோழைகளுக்குத் தோன்றுகிற யோசனைதான். முதலாளி அவசரத்தில் புரட்டிப் பார்த்து, பிரமாதம் என்று ஆல்பத்தில் ஒட்டச் சொல்லிவிட்டார்.

ஆடிப் பதினெட்டன்று ஆபீஸில் சந்தன வாசனை. ஆல்பத்துக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, டீலர்கள் முன்னால் திறந்தார்கள். மதுரை டீலர் பிரபாகரன்தான் அவர்களில் பெரிய கை. அவர் எதை எடுக்கிறாரோ அதைத்தான் மற்றவர்களும் எடுப்பார்கள். குஞ்சுப் படம் வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கம்ப்யூட்டர் செக்‌ஷன் வாசலில் நின்றபடி ஜாபஸ் எட்டிப் பார்த்தார். பிரபாகரன் காலில் இருந்த நூலின் மேல் விரலை வைத்தார்.

“இங்கன பாருங்க, திருஷ்டிக் கயிறு. அம்மாக்காரி புள்ளைகளுக்குக் காலுல கட்டிவிட்ட மாதிரியே இருக்கு” என்றார். “இதையே அட்டைக்குப் போடுங்க.”

எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். ஒரு டீலர் தன் பேத்திக்கும் இதே மாதிரிதான் கட்டியிருப்பதாகச் சொன்னார். முதலாளி சங்கிலிமுத்து, ஏதோ தானே யோசித்துக் கட்டச் சொன்னதைப் போலத் தலையை ஆட்டினார். ஹரிபிரசாத்தும் சிரித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஆல்ப மேசைக்குப் பக்கத்தில் ஜாபஸ் பேசியதே இல்லை. இப்போது வெளியே போய், பைக் பெட்டியில் இருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்து அந்தப் படத்தின் மேல் பிரித்து வைத்தார்.

“திருஷ்டிக் கயிறு இல்லய்யா. சரவெடி பின்னுற நூலு. குஞ்சு பறந்துறாம இருக்கக் கட்டுனது. கட்டுனபடியே செத்துப்போச்சு, மூணும்.”

குச்சியில் காய்ந்துபோன ஆறு கால்களும், அவற்றில் ஒட்டிக்கொண்டு மீதி இருந்ததும் மேசை மேல் கிடந்தன. ஒரு டீலர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பிரபாகரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “சீ, எடுங்க அத” என்றார். தன்னுடைய சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டதும் ஜாபஸுக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிரபாகரன் தொடர்ந்தார்.

“நல்ல நாளும் அதுவுமா செத்ததக் கொண்டாந்து வைக்கீகளே. செத்த குருவி படத்த எவன் வீட்டுல மாட்டுவான்? உருப்பட்ட மாதிரிதான்.”

அவ்வளவுதான் விஷயம். யார் கட்டினார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஏன் அவிழ்க்கவில்லை என்றும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கும் குஞ்சைக் கட்டிப்போட்ட படம் என்றால் மாட்டியிருப்பார்கள், செத்துப்போனது என்று தெரிந்ததுதான் தோஷம். முதலாளி அந்தப் பக்கத்தைக் கிழித்தார், மேசையை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னார், அந்த மாதத்துக்குத் தவழ்கிற குழந்தைப் படம் ஒன்றைப் போடுவதாக டீலர்களுக்கு வாக்குக் கொடுத்தார். பிறகு ஜாபஸைத் தனியாகக் கூப்பிட்டபோது, சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டு போனார். முதலாளி அவர் தோளில் கை வைத்து, “நல்லவேளை ஜாபஸு, பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்ன. இல்லன்னா லோடு பூராத் திரும்பி வந்திருக்கும்” என்று நன்றி சொன்னார். அந்தக் கை எப்போது தோளை விட்டுப் போகும் என்று ஜாபஸ் காத்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷமாகப் படத்தில் இருந்த அழுக்கை எல்லாம் யாருக்காகத் துடைத்தோம் என்று நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது.

ஹரிபிரசாத் பேப்பர் கட்டிங் மெஷின் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கோபமில்லை. கொஞ்சம் வருத்தம்தான். அப்பாவிடமும் டீலர்களிடமும் சொல்வதற்கு முன்னால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வேறு படம் கொடுத்திருப்பேன் என்றான். கட்டியதுகூடத் தான் இல்லை, டிரைவர்தான், அவருக்குத்தான் அந்த முடிச்சு தெரியும் என்றான். ஜாபஸ் பையிலிருந்து கேமராவை எடுத்தார். தன்னுடைய லென்ஸைக் கழற்றினார். வளையத்தைப் பாடியிலேயே விட்டு, திறந்த வாயை மூடியால் மூடி, கட்டிங் மெஷின் மேல் வைத்தார்.

“படத்துக்கும் பாடிக்கும் என்னண்ணே சம்பந்தம்? வச்சுக்கோங்க. உங்க லென்ஸுக்கு இத விட்டா வேற சரியா வராது” என்றான் ஹரிபிரசாத். அவன் சொன்னது உண்மை. ஜாபஸுக்கும் அது தெரியும்.

“ரெண்டாயிரத்து முந்நூறு தடவ அமுக்கியிருக்கீங்க தம்பி” என்றார் ஜாபஸ். “எல்லாம் எடுத்து முடிச்சப்புறம் அந்த நூலு வாலப் புடிச்சு ஒரு தடவ இழுத்து விட்டிருக்கலாம்ல.”

ஹரிபிரசாத் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தான். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவன். அன்றைய காலையை நினைவில் கொண்டுவந்து, நேர்மையாகப் பதில் சொன்னான்.

“வெயில் ஏறிருச்சுல்லண்ணே.”

ஜாபஸ் லென்ஸை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.